வாய்மொழி உத்தரவும் வளர்ந்த இதயமும்

ஆடி 2, வியாழன்

மேற்குக் காற்று, கண் திறக்க முடியாத புழுதி. காலை ஆறரைக்கு அநியாயம் நடந்தது. கோணவாய்க்கால் தலைமதகின் ஷட்டர் சாவியை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பறித்தவன்: வாய்க்கால் சங்கத் தலைவன் கலியமூர்த்தி. கூட வந்தவர்கள் இருவர். வாய் திறக்கவில்லை, காப்பிக்கு மட்டும் திறந்தார்கள்.

சாவி என்றால் பூட்டுச் சாவி அல்ல. ஒரு முழ இரும்புக் கைப்பிடி. அதை மாட்டித் திருகினால்தான் ஷட்டர் ஏறும், இறங்கும். அரசாங்கத்தில் முப்பத்தொரு வருடம் லஸ்கர் நான். மதகைத் திறந்து மூடுவதுதான் லஸ்கர் வேலை. ஓய்வு பெற்ற பின் பதினாறு வருடமாகச் சங்கத்துக்குச் சும்மா பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு நாள் லீவு இல்லை.

கலி. சொன்ன காரணம்: நாலு மாதம் முன்பு தஞ்சாவூரில் எடுத்த எக்கோ ஸ்கேனில் என் இதயச் சுவர் வளர்ந்து தடித்திருக்கிறதாம். அது இவனுக்கு எப்படித் தெரியும்? செண்பகம் ரேஷன் கடை வரிசையில் சொல்லியிருக்கிறாள். கட்டிய மனைவி. ஐம்பது வருடம்.

"மாமா, ஷட்டரத் திருகுறப்ப பொசுக்குன்னு ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

"அப்படி ஆனா நான்தானடா போவேன். ஷட்டரு அப்படியேதான் நிக்கும்."

"அதான் மாமா பயமே. பாதி தொறந்தாப்புல நின்னுருமே."

டாக்டர் லெட்டர் வேண்டுமாம். உடம்பு தாங்கும் என்று எழுதி வாங்கி, ஆடிப்பெருக்குக்குள் கொடுத்தால் சாவி எனக்கே. இல்லாவிட்டால் அவனே திருகுவானாம். அவன் வீட்டு மோட்டார் சுவிட்சைப் போடவே பொண்டாட்டியைக் கூப்பிடுகிறவன்.

சாவியை வாங்கிக்கொண்டதாக எழுதிக் கேட்டேன். உரக்கடை பில்லின் பின்னால் எழுதினான். தேதி இல்லை. திருப்பிக் கொடுத்துத் தேதி போடவைத்தேன்.

எழுத்தில் இல்லாததை நான் செய்வதில்லை. சேர்ந்த புதிதில் ஒரு அதிகாரி ஜீப்பில் போகிறபோக்கில், "ரெண்டடி தூக்குய்யா" என்றார். தூக்கினேன். மறுநாள் நாற்றங்கால் எல்லாம் தண்ணீரில். விசாரணையில் அவர், "நான் சொல்லவே இல்லையே" என்றார். மூன்று மாதம் சஸ்பெண்டு. அன்றிலிருந்து வாய்மொழிக்கு ஷட்டர் திறந்ததில்லை. கலெக்டரே நேரில் வந்து சொன்னாலும் பேனாவை நீட்டுவேன்.

மதியம் சுண்டைக்காய்க் குழம்பு. செ.யோடு பேசவில்லை. குழம்பு நன்றாக இருந்தது, அதையும் சொல்லவில்லை.

ஆடி 3, வெள்ளி

இரும்புப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். தஞ்சாவூர் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது, அட்டை கிழிந்த இங்கிலீஷ் உடற்கூறு. கூடவே அகராதி, பூதக்கண்ணாடி. நான் எட்டாவதுதான். ஆனால் பதினைந்து வருடமாக இப்படித்தான் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது.

இன்றைய குறிப்பு:

இதயத் தசைச் செல்கள் பிறந்த பின் பெருகுவது அநேகமாக இல்லை. உள்ள ஆட்கள்தான் கடைசிவரை. வேலை கூடினால் புது ஆள் போடுவதில்லை, இருக்கிற ஆளே தடிக்கிறான். (பொதுப்பணித் துறையிலும் அப்படித்தான்.)

அப்படியானால் என் இதயம் தடித்தது உழைப்பினால். பயில்வான் கை தடிக்கவில்லையா? பலம் கூடியதற்காகவா சாவியைப் பிடுங்கினார்கள்? மனு எழுதத் தொடங்கினேன். 'மேற்படி இதயம் வழக்கத்தைவிட வலுவடைந்துள்ள நிலையில்...'

செ. தோள்வழியாகப் படித்துவிட்டு: "ஊருல எவனுக்கு நெஞ்சு வீங்குனாலும் வியாதி. ஒங்களுக்கு வீங்குனா மட்டும் பதவி உயர்வா?"

பேசாமல் இருப்பது என்ற முடிவு அவளிடம் பலிக்கவில்லை. அவள் பேசிக்கொண்டேதான் இருக்கிறாள்.

ஆடி 5, ஞாயிறு

காற்று குறையவில்லை. முருங்கைக் கிளை முறிந்து விழுந்தது.

மனுவைக் கிழித்தேன். காரணம் அடுத்த பக்கத்தில் இருந்த படம். சுவர் வெளிப்பக்கமாக மட்டும் தடிக்கவில்லை. உள்பக்கமாகவும் தடிக்கிறது. உள்ளே ரத்தம் நிற்கும் இடம் சுருங்குகிறது. சுவர் விறைத்துவிடுவதால் சரியாக விரிந்து ரத்தம் வாங்கவும் முடியாது.

ஐந்து நிமிடம் அந்தப் படத்தையே பார்த்தேன். எங்கேயோ பார்த்திருக்கிறேன். அப்புறம் பிடிபட்டது. வாய்க்கால் கரையை உள்பக்கமாக அணைத்து அணைத்து மண் போட்டு, தென்னம்பிள்ளை நடுவார்களே, அதே வெட்டுத் தோற்றம். கரை பார்க்கப் பலமாக இருக்கும். வாய்க்கால் குறுகி ஓடையாகிவிடும். ஆக்கிரமிப்பு! முப்பத்தொரு வருடம் நான் நோட்டீஸ் ஒட்டியது இதற்குத்தான். இப்போது என் நெஞ்சுக்குள்ளேயே.

அப்படியானால் கேள்வி ஒன்றுதான். மண் போடச் சொன்னது யார்?

ஆடி 6, திங்கள்

ஹார்மோன். அதாவது ரத்தத்தில் மிதந்து வரும் உத்தரவுச் சீட்டு. புத்தகம் சொல்வதை என் பாஷையில் எழுதி வைக்கிறேன்.

சிறுநீரகம் கடைமடை. தனக்கு வரத்து குறைந்ததாக நினைத்தால், ரெனின் என்று ஒரு மனு போடும். மனு கல்லீரல் தயாரித்து விட்டிருக்கும் ஒரு காகிதத்தை வெட்டும். வெட்டிய காகிதம் நுரையீரலுக்குப் போனால் அங்கே முத்திரை. முத்திரை விழுந்ததும் அதன் பெயர் ஆஞ்சியோடென்சின். இனி அது மனு அல்ல, உத்தரவு. ரத்தக் குழாய்களை இறுக்கு, உப்பைப் பிடித்து வை, அழுத்தத்தை ஏற்று. அதே உத்தரவு இதயச் செல்லுக்கும் போகிறது: வளர்.

கிராமத்தில் எழுதி, பிர்க்காவில் கையெழுத்தாகி, தாலுக்காவில் முத்திரை. அச்சு அசல். ஒரு வித்தியாசம், இங்கே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

செல்லின் தோலில் ஒரு நாற்காலி. உத்தரவு அதில் வந்து உட்கார்ந்ததும் உள்ளே சுண்ணாம்புச் சத்து ஏறுகிறது, ஒரு தூதன் செல்லின் நடுவில் உள்ள கருவறைக்குள் ஓடுகிறான், ரெஜிஸ்டரைத் திறக்கிறான். வேடிக்கை என்னவென்றால், தாய் வயிற்றில் இருந்தபோது ஓடிய பழைய ரெஜிஸ்டர்களையும் தூசி தட்டித் திறக்கிறானாம். எழுபத்து நாலு வயதில் என் இதயம் குழந்தைப் பருவத்துக் கணக்கைப் பார்க்கிறது.

செ.யிடம் சொன்னேன். "அதான் பாத்தேன்" என்றாள்.

மாலை ஐந்து மணி. மருந்துக்கடை ஜமாலிடம் போனேன். பி.பி. மிஷின் இரவல் வாங்க. அவனிடம் இந்த நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். கண் விரிந்தது.

"அண்ணே, எட்டாவது படிச்சவரு மாதிரியா பேசுறீங்க? அதுக்குத்தான் மாத்திரையே இருக்கு. அந்த மாத்திரை போயி நாற்காலில முந்திக்கிட்டு குந்திக்கும். உத்தரவு வந்து பாக்கும், எடம் இல்ல. போயிரும்."

"நல்ல மாத்திரையா இருக்கே. எனக்கு ஏன் எழுதலை?"

"ஒங்களுக்கு இல்லாமயா? பிரஷரு, சொவரு தடிச்சவங்களுக்கு அதான் மொத மாத்திரை." பழைய சீட்டைக் கேட்டான். பார்த்தான். "காலைல நீர் பிரியிற மாத்திரை மட்டுந்தான இருக்கு. டாக்டரு வேற எதுவும் சொல்லலையா?"

"சொன்னாங்க. எழுதலை."

ஜமால் எதிரே இருந்த தராசைத் துடைத்தான். அதில் தூசி இல்லை.

வீட்டுக்கு வந்து தகர டப்பாவைத் திறந்தேன். எக்கோ எடுத்த அன்று தஞ்சாவூர் டாக்டரம்மா கையில் கொடுத்த மாத்திரைப் பட்டை. "இது சாயங்காலம் ஒண்ணு, விடாம போடுங்க, தீந்தா கடைல வாங்கிக்குங்க" என்று சொல்லும்போதே அவருக்கு போன் வந்துவிட்டது. சீட்டில் ஏறவில்லை. பத்து மாத்திரை. பத்தும் இருக்கின்றன.

தினமும் செ. கேட்பாள், மாத்திரை போட்டாச்சா என்று. சீட்டில் உள்ளதைப் போட்டாச்சு என்பேன். பொய் கிடையாது.

இப்போதும் தவறு என்னுடையது அல்ல. எழுதியிருக்க வேண்டும்.

ஆடி 8, புதன்

இன்னொரு உத்தரவும் இருக்கிறது. நார்அட்ரினலின். கோபத்திலும் பயத்திலும் நரம்பு நுனியில் சுரப்பது. அதற்கும் செல்லின் தோலில் தனி நாற்காலி, அதுவும் வளரச் சொல்லித்தான் கத்துகிறது. அப்படியானால் கலி.யின் பங்கை நிரூபித்துவிடலாம். மிஷினைக் கட்டிக்கொண்டேன். செ. பெயர்களை வாசித்தாள். முடிவுகள்:

ஒன்றும் சொல்லாமல்: 152
"மேட்டூர்": 150
"கலியமூர்த்தி": 168
ஜீப்பில் போன அதிகாரி (செத்துப் பல வருடம் ஆகிறது): 171
"எந் தம்பி": 174

செ.: "எந் தம்பி ஒங்களுக்கு என்ன பண்ணுனான்?"

மறுபடி அளந்தால் 181. ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது.

மாலை மதகுப் பக்கம் நடந்தேன். தொடவில்லை, பார்த்தேன். ஷட்டர் கழுத்துவரை தூக்கியிருக்கிறது. மேல்மடை வயலில் குறுவைப் பயிர் நுனி மட்டும் தெரிகிறது. கீழ்மடையில் தரை வெடிப்பு. என்னடா என்று அங்கே நின்றவனைக் கேட்டால், கலி. போன் வந்தால் தூக்குகிறானாம், போன் வந்தால் இறக்குகிறானாம். வாட்ஸப்பில் கட்டை விரல் படம் போட்டாலே உத்தரவாம்.

என் முப்பத்தொரு வருடம்.

ஆடி 10, வெள்ளி

தஞ்சாவூர். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு செ.க்கு. அவளுக்கு டப்பா விஷயம் தெரியாது. டப்பாவை மஞ்சள் பைக்குள், துண்டுக்கு அடியில் வைத்திருந்தேன்.

எக்கோ. பசை ஜில்லென்றது. எடுத்த பெண் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்கும் அதற்கென்று பயிற்சி கொடுப்பார்கள் போல.

டாக்டரம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சுவரு இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிச்சிருக்கே ஐயா. ரெண்டு மாத்திரையும் ஒழுங்கா போடுறீங்களா?"

டப்பாவை மேசைமேல் வைத்தேன். பட்டையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது ஒண்ணுகூட போடலையா? நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்கம்மா. எழுதலை."

"சொன்னா போடக் கூடாதா?"

"வாய்மொழி உத்தரவுக்கு நான் எதுவும் செய்யிறதில்லைம்மா."

செ. என்னைப் பார்க்கவில்லை. பட்டையைப் பார்த்தாள். பத்தையும் விரலால் தொட்டு எண்ணினாள். "நாலு மாசமா?" என்றாள். அவ்வளவுதான். திட்ட வேண்டிய இடத்தில் அவள் இப்படி நிறுத்தி நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராக இரண்டு வரி வைத்திருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"லஸ்கரும்மா."

"அதானே பாத்தேன். எங்கப்பா நன்னிலத்துல விவசாயி. கடைமடை. எங்க லஸ்கரு சீட்டு வந்தாத்தான் தொறப்பேன்னு ஒக்காந்துருப்பாராம். எங்கப்பா இன்னிக்கும் அவரத் திட்டிக்கிட்டுதான் சாப்புடுறாரு."

"சரியான ஆளு அந்த லஸ்கரு" என்றேன்.

பிறகு படம் போட்டுச் சொன்னார். காலை மாத்திரை உடம்புத் தண்ணீரை வடித்துவிடும். வடிந்ததும் சிறுநீரகம் வரத்து இல்லை என்று இன்னும் பலமாகக் கத்தும். அந்தக் கத்தல் இதயத்துக்குப் போகாமல் மறிக்கத்தான் சாயங்கால மாத்திரை. நான் வடிக்கவேண்டியதை ஒழுங்காக வடித்துவிட்டு, மறிக்கவேண்டியதை டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன். கடைமடையைக் காயவைத்து, மனு மேல் மனு போடவைத்து, ஒவ்வொரு மனுவுக்கும் ஆக்கிரமிப்பு.

லஸ்கர் செய்யக்கூடிய காரியமா இது?

"கொறையுமா சொவரு?"

"உத்தரவு நின்னா மெதுவா கொறையும். முழுசான்னு சொல்ல மாட்டேன். பாதியாவது."

"எழுதிக் குடுங்க."

மாத்திரையை எழுதினார். தேதி கேட்டேன், போட்டார். முத்திரை கேட்டேன், மூன்று இடத்தில் குத்தினார். சிரித்துக்கொண்டேதான். அப்புறம் கலி. கேட்ட லெட்டர். அதையும் எழுதினார். வெளியே வந்து படித்தேன். 'மேற்படி நபர் மூன்று மாதங்களுக்குக் கனமான இரும்புக் கைப்பிடி திருகும் வேலை எதுவும் செய்யக் கூடாது.' கையெழுத்து. முத்திரை. தேதி.

கேட்டது எழுத்து. வந்துவிட்டது எழுத்து. எங்கே போய் முறையிட?

பஸ் திருக்காட்டுப்பள்ளியை நெருங்கியது. செ. ஜன்னலைப் பார்த்தபடியே: "பெருக்கன்னிக்கு மஞ்சக் கயிறு மாத்தப் படித்துறைக்குப் போவணும். என்னையத் தனியா போவ வெச்சிராதீங்க. இந்த வருசமும் சரி, எந்த வருசமும் சரி."

கண்டக்டர் விசில் அடித்தான்.

மாலை ஆறு மணி. மாத்திரை ஒன்று. கசப்பில்லை.

ஆடி 12, ஞாயிறு

கலி. வந்தான். நான் கூப்பிடவில்லை. சட்டை கசங்கி, கண் சிவந்து. இரண்டு நாளாக மேல்மடைக்காரன் ஒரு பக்கம், கீழ்மடைக்காரன் ஒரு பக்கம், அவன் வீட்டு வாசலில்.

"மாமா, ஒரே நாள்ல பன்னெண்டு போனு. ஒருத்தன் தூக்குங்குறான், ஒருத்தன் எறக்குங்குறான்."

"நீ என்ன பண்ணுன?"

"சத்தமா சொன்னவன் பேச்சக் கேட்டேன்."

"என் நெஞ்சும் அதைத்தான்டா பண்ணிருக்கு."

புரியவில்லை அவனுக்கு. சாவியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். "லெட்டர்லாம் வேணாம் மாமா. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். பிடிங்க." நீட்டினான்.

பளபளவென்று இருந்தது. என் கை பட்டுப் பட்டு வந்த பளபளப்பு. கையும் நீண்டது, அதை மறைக்கமாட்டேன். செ. அடுக்களை வாசலில் நின்றாள்.

உள்ளே போய் லெட்டரை எடுத்துவந்து கலி. கையில் கொடுத்தேன். படித்தான். இன்னொரு முறை படித்தான்.

"மாமா, ஒங்களுக்கு எதிரா எழுதிருக்கு."

"தெரியும். முத்திரை இருக்குல்ல?"

"இத நீங்களே ஏன் காட்டுறீங்க? கிழிச்சுப் போட்டாக்க யாருக்குத் தெரியும்?"

ஐம்பது வயது ஆகிறது அவனுக்கு. இன்னும் அரசாங்க நடைமுறை தெரியவில்லை.

ஆனால் திருகத்தான் கூடாது என்று எழுதியிருக்கிறது. சீட்டு எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை. மூன்று தடவை படித்து உறுதி செய்துகொண்டேன். இதை அவனிடம் சொன்னேன். செ. உள்ளே போய்விட்டாள். பாத்திரம் உருட்டும் சத்தத்தில் கோபம் இல்லை.

ஆடி 16, வியாழன்

காற்று அடங்கியது. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. நேற்று சங்கக் கூட்டம். என் யோசனை நிறைவேறியது. எதிர்த்தவர் ஒருவர், அவரும் டீ வந்ததும் ஒப்புக்கொண்டார். பி.பி. இன்று 144. மச்சான் பெயரைச் சொல்லி மறுபடி அளந்தோம், 158. முன்னேற்றம்.

இனி ஆகவேண்டியவை, ஆள் வாரியாக:

கலியமூர்த்தி: ஷட்டரைத் திருகுவது. என் கையெழுத்துச் சீட்டு இல்லாமல் ஒரு அங்குலம் கூட ஏற்றக் கூடாது, இறக்கக் கூடாது. போன் எடுக்கலாம், கேட்கலாம், "சீட்டு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். சாவிக்கு வாரம் ஒரு முறை எண்ணெய்.

மேல்மடைக்காரர்கள்: தண்ணீர் வேண்டுமானால் எழுதிக் கேட்பது. கட்டை விரல் படம் செல்லாது.

ஜமால்: சாயங்கால மாத்திரை கடையில் தீராமல் பார்த்துக்கொள்வது. பி.பி. மிஷினைத் திருப்பிக் கேட்காமல் இருப்பது.

டாக்டரம்மா: மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ. சொல்வதை எல்லாம் எழுதுவது. போன் வந்தால் எழுதி முடித்த பிறகு எடுப்பது. நன்னிலம் அப்பாவிடம் அந்த லஸ்கரைத் திட்ட வேண்டாம் என்று சொல்வது.

சிறுநீரகம்: மனு போடுவதைக் குறைக்கவும். வரத்து உண்டு.

இதயம்: ஆக்கிரமிப்பை அகற்றவும். தவணை மூன்று மாதம். யார் சத்தமாகச் சொன்னாலும் வளர வேண்டாம். நாற்காலியில் ஆள் இருக்கிறது.

செண்பகம்: ரேஷன் கடையில் என் உடம்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது. (நடக்காது. இருந்தாலும் பதிவுக்காக.)

நான்: காலையும் மாலையும் மாத்திரை, எழுத்து மூல உத்தரவுப்படி. நாளை மறுநாள் பெருக்கு. விடிந்ததும் செ.யோடு படித்துறைக்கு. இந்த வருடமும், எந்த வருடமும். வாய்மொழி உத்தரவு. எழுதிக் கேட்கவில்லை.